கையூன்றாமல் எழுந்து நிற்பது: முதுமையில் தசை வலிமை பற்றி ஓர் எளிய விளக்கம்

குமரி மாவட்டத்துத் திருவட்டாற்றுக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், 74 வயதான என் அம்மா அதிலிருந்து எழுவதை அருகில் நின்று பார்த்தேன். இரு கைகளையும் நாற்காலியின் கைப்பிடிகளில் ஊன்றி, உடலை இரண்டு முறை முன்னும் பின்னும் ஆட்டி, பாதி எழுந்த நிலையில் முழங்கை நடுங்க மீண்டும் உட்கார்ந்துவிட்டு, "மக்ளே, ஒரு கை குடு" என்றார். அதற்கு முந்தைய மாதம் அவருக்குக் கடுமையான காய்ச்சல். பத்து நாட்களுக்கு மேல் படுக்கையில் இருந்தார். காய்ச்சல் தணிந்ததும், நன்றாக ஓய்வெடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி மருத்துவமனையிலிருந்து அனுப்பினார்கள். கால்களை அசைப்பது பற்றி யாரும் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. அந்த அறியாமை எங்களுக்கு ஏறக்குறைய ஆறு மாத உழைப்பாக வந்து சேர்ந்தது. அந்த ஆறு மாதங்களில் கற்றுக்கொண்டதையும் படித்துத் தெளிந்ததையும், இதைப் பற்றி முதன்முறையாகக் கேள்விப்படுவோருக்காக எழுதுகிறேன்.

பிறர் கையை எதிர்பாராமல் வாழ்வது என்று நாம் சொல்லும் நிலை, கூர்ந்து பார்த்தால், மிகச் சில உடற்செயல்களின் மேல்தான் நிற்கிறது. நாற்காலியிலிருந்தும் கழிப்பறையிலிருந்தும் எழுவது, படி ஏறி இறங்குவது, ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிச் செல்வது, கால் இடறினால் சமாளித்து நிற்பது, தரையில் விழுந்துவிட்டால் எழுந்திருப்பது ஆகியவையே அவை. இவற்றில் ஒன்று கைவிட்டுப் போனாலும் வீட்டில் எப்போதும் ஒருவர் உடன் இருக்க வேண்டிய நிலை வந்துவிடுகிறது. பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலோ சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருக்க, பெரிய வீட்டில் இரண்டு முதியவர்கள் மட்டும் வசிப்பது குமரி மாவட்டத்தில் எத்தனை இயல்பாகிவிட்டது என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனவே இது வெறும் உடல்நலக் குறிப்பாக இல்லாமல், குடும்பங்கள் உட்கார்ந்து பேச வேண்டிய காரியமாகவே எனக்குப் படுகிறது.

இதில் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டிய கருத்து, மிச்ச வலிமை என்பது. ஒரு செயலைச் செய்யத் தேவைப்படும் வலிமைக்கும் நம்மிடம் உள்ள முழு வலிமைக்கும் இடையே உள்ள வேறுபாடே மிச்ச வலிமை. நாஞ்சில் நாட்டு வீடுகளில் நெல் சேமிக்கும் மரப்பெட்டியான பத்தாயத்தில் நெல் மிஞ்சிக் கிடந்தவரை ஒரு போக விளைச்சல் பொய்த்தாலும் வீடு தாங்கிக்கொண்டது. பத்தாயத்தின் அடிப்பலகை தெரியத் தொடங்கிய பிறகு ஒரு சிறு குறைவும் பட்டினியாக முடிந்தது. தசையின் கணக்கும் இதுதான். 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, நாற்காலியிலிருந்து எழும்போது இளைஞர்கள் தங்கள் முழங்காலை நிமிர்த்தும் வலிமையில் ஏறத்தாழ 40 சதவீதத்தைச் செலவிட, முதியவர்கள் ஏறத்தாழ 80 சதவீதத்தைச் செலவிடுவதைக் காட்டியது. செயல் ஒன்றே, நாற்காலியும் ஒன்றே. ஆனால் முதியவர் ஒவ்வொரு முறை எழும்போதும் தன் எல்லையின் அருகில் நின்றுகொண்டுதான் எழுகிறார். அதனால்தான், நேற்றுவரை எல்லாம் சரியாகவே நடந்துவந்த ஒருவர், ஒரு வாரக் காய்ச்சலுக்குப் பிறகு எழவே முடியாமல் போகிறார். எல்லாம் திடீரென்று நடந்ததாக நமக்குத் தோன்றினாலும், பத்தாயம் பல ஆண்டுகளாகக் காலியாகிக்கொண்டிருந்தது. காய்ச்சல் கடைசி மரக்கால் நெல்லை எடுத்தது, அவ்வளவே.

அந்தக் குறைவு எப்படி நேர்கிறது? முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது என்பதும், அறுபதுக்குப் பின் அந்த வேகம் கூடுகிறது என்பதும் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. இந்நிலைக்கு 1989-இல் இர்வின் ரோசன்பெர்க் என்னும் அமெரிக்க அறிவியலாளர் சார்கோபீனியா என்று பெயரிட்டார். சதைக் குறைவு என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். தசையின் அளவைக் காட்டிலும் அதன் வலிமை விரைவாகக் குறைகிறது. குறிப்பாக, சட்டென்று விசையைத் தரவல்ல வேகத் தசை இழைகளே முதுமையில் முதலில் மெலிகின்றன. நடக்கும்போது கல் தட்டினால், மற்றொரு காலைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முன்னே வைத்து உடலைத் தாங்க உதவுபவை இந்த இழைகள்தாம். படுக்கை இந்த இழப்பை எவ்வளவு முடுக்கிவிடும் என்பதற்கு 2007-இல் வெளியான ஒரு சோதனை சான்றாகிறது: நல்ல உடல்நலத்துடன் இருந்த முதியவர்களைப் பத்து நாட்கள் படுக்கையில் வைத்தபோது, அவர்கள் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்தார்கள். அதைப் படித்தபோதுதான், அம்மாவின் நடுங்கும் முழங்கை எனக்கு விளங்கியது. காலில் இல்லாத வலிமையை அவர் கையிலிருந்து கடன் வாங்கிக்கொண்டிருந்தார்.

"நான் தினமும் நடக்கிறேனே, அது போதாதா?" என்று கேட்பவர்கள் பலர். நடை மிக நல்லது. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனத்துக்கும் அது செய்யும் உதவியை வேறொன்றும் எளிதில் செய்யாது. ஆனால் சமதளத்தில் நடப்பது தொடைக்கும் இடுப்புக்கும் மிகக் குறைந்த சுமையையே தருகிறது. தினமும் தூக்கிப் பழகிய சுமையையே தூக்கும் தசைக்கு வளர வேண்டிய தேவை எழுவதில்லை. முந்தைய தலைமுறைக்கு அந்தத் தேவையை வாழ்க்கையே தந்தது. ரப்பர் பால் வெட்டுகிறவர் விடியும் முன்னே சரிவில் ஏறி இறங்கி ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்தார். கரையில் நின்று கரைமடி வலையை இழுத்தவர்கள் மணலில் குதிகாலை ஊன்றிக் கடலோடு இழுபறி நடத்தினார்கள். அடிமுறை என்னும் தற்காப்புக் கலையின் களரியில் சுவடு (காலடி வைப்பு) பயின்றவர்கள் முழங்காலை மடக்கித் தாழ நின்றார்கள். வீட்டுப் பெண்கள் கிணற்றில் தண்ணீர் இறைத்து, தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவி, குரண்டி என்னும் தாழ்ந்த மர இருக்கையில் அமர்ந்து மீன் ஆய்ந்து எழுந்தார்கள். அந்த வாழ்க்கையைப் புகழ்ந்து அதற்குத் திரும்பச் சொல்லவில்லை. அது பலருடைய முதுகையும் முழங்காலையும் தேய்த்தும் இருக்கிறது. ஆனால் மோட்டாரும் மிக்சியும் மேல்நாட்டுக் கழிப்பறையும் வந்தபோது, ஒரு நாளில் இருபது முப்பது முறை தாழ்ந்து எழுந்துகொண்டிருந்த உடல், நாற்காலியின் உயரத்துக்குக் கீழே இறங்கவே தேவையில்லாததாயிற்று. போன வேலைக்கு ஈடாக நாம் எதையும் வைக்கவில்லை. வலிமைப் பயிற்சி என்பது அந்த ஈடு.

இந்த வயதில் இனித் தசை வளருமா என்பது அடுத்த கேள்வி. வளரும். இதற்கான தெளிவான விடை 1990-இல் கிடைத்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லம் ஒன்றில் வாழ்ந்த, சராசரியாக 90 வயதான பத்துப் பேருக்கு மரியா ஃபியாட்டரோன் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் எட்டு வாரம் கடுமையான எடைப் பயிற்சி தந்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. 1994-இல் அதே குழு நூறு பேரைக் கொண்டு பத்து வாரம் செய்த பெரிய ஆய்வில் வலிமை இரட்டிப்புக்கும் மேலாகியது; நடை வேகமும் படி ஏறும் ஆற்றலும் கூடின. 90 வயதுத் தசைக்கும் கற்கும் குணம் இருக்கிறது என்பதை நான் பலமுறை பலரிடம் சொல்லிவருகிறேன், ஏனெனில் நம் வீடுகளில் முதியவர் ஒரு வாளியைத் தொட்டாலே பிடுங்கிக்கொள்வதுதான் பாசம் என்று பழகியிருக்கிறோம். தொடக்க வாரங்களில் வரும் முன்னேற்றத்தில் பெரும்பகுதி தசை பெருத்ததால் வருவதன்று. மூளையும் நரம்புகளும் இருக்கும் தசை இழைகளை ஒன்றுசேர்த்து வேலை வாங்கக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை பெருகுவது அதற்குப் பின்னரே தெரியும்.

இந்தப் பயிற்சியின் உயிர்நாடி ஒரே விதியில் அடங்கும்: சுமை சிறிது சிறிதாகக் கூட வேண்டும். ஒரு தொடரில், அதாவது ஓய்வின்றி அடுத்தடுத்துச் செய்யும் முறைகளில், கடைசி இரண்டு மூன்று முறைகள் கடினமாகத் தோன்ற வேண்டும். இன்னும் இரண்டு முறை மட்டுமே முடியும் என்ற இடத்தில் நிறுத்த வேண்டும். அது எளிதாகிவிட்ட வாரத்தில், சுமையை ஒரு படி ஏற்ற வேண்டும். கையை வெறுமனே மேலும் கீழும் அசைக்கும் பயிற்சிகளை ஆண்டுக்கணக்கில் செய்தும் பலன் காணாதவர்கள், இந்த விதியை யாரும் சொல்லித்தராததால்தான் பலன் காணவில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு நாற்காலியே விடை சொல்லும். சுவரோடு ஒட்டிப் போட்ட உறுதியான நாற்காலியில் அமர்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுமையாக எழுந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 15 வினாடிக்கு மேல் ஆனாலோ கையூன்றாமல் முடியவில்லை என்றாலோ கால் வலிமை குறைந்திருக்கிறது என்று பொருள். ஐரோப்பிய மருத்துவ அறிஞர் குழு 2018-இல் திருத்தி வெளியிட்ட நெறிமுறையில் உள்ள அளவு இது. இச்சோதனையையே பயிற்சியாகவும் ஆக்கிக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு நாங்கள் செய்தது இதுதான். கையூன்றாமல் எழ முடியாததால், மடித்த மூன்று போர்வைகளை நாற்காலியில் அடுக்கி இருக்கையை உயர்த்தினோம். உட்காரும் இடம் உயர்ந்தால் தொடைக்கு வேலை குறைகிறது. இருக்கையின் முன்பகுதிக்கு நகர்ந்து, பாதங்களை இடுப்பகலத்துக்கு விரித்து, குதிகாலை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து வைக்க வேண்டும். பிறகு முதுகை வளைக்காமல், மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை முன்னே சாய்ந்து, மூச்சை வெளியே விட்டபடி பாதத்தால் தரையை அழுத்தி எழ வேண்டும். முதியவர்கள் பலர் நிமிர்ந்த உடலோடே எழ முயன்று பின்னே விழுகிறார்கள். சாயும் இந்த ஒரு திருத்தமே முதல் நாளில் அம்மாவை எழ வைத்தது. உட்காரும்போது தொப்பென்று விழாமல், மனத்துக்குள் நான்கு வரை எண்ணியபடி மெல்ல இறங்க வேண்டும். எட்டு முறை ஒரு தொடர். இரண்டு நிமிடம் ஓய்வு. மீண்டும் ஒரு தொடர். பழகப் பழக மூன்று தொடர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும், ஏனெனில் தசை கட்டப்படுவது ஓய்வு நாளில்தான். மூன்றாம் வாரத்தில் ஒரு போர்வையை எடுத்தோம், ஐந்தாம் வாரத்தில் இன்னொன்றை. போர்வைகள் தீர்ந்தபோது, மட்டை உரித்த ஒரு தேங்காயை மார்போடு அணைத்துக்கொண்டு எழச் சொன்னேன். உரித்த தேங்காய் அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். பிறகு துணிப்பையில் இரண்டு, மூன்று என்று ஏறியது. இங்கே தேங்காய்க்குப் பஞ்சமில்லை.

மற்றப் பயிற்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி மெல்ல இறக்குவது கெண்டைக்காலுக்கு. சுவரில் உள்ளங்கைகளைப் பதித்து, மார்பைச் சுவரை நோக்கிக் கொண்டுசென்று தள்ளித் திரும்புவது மார்புக்கும் தோளுக்கும். எளிதானால் சுவருக்குப் பதில் சமையல் மேடை. உறுதியான ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி முழங்கையைப் பின்னோக்கி இழுப்பது, கூன் விழும் மேல்முதுகுக்கு. இரு கைகளிலும் பாதி நிறைத்த இரண்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நிமிர்ந்து நடப்பது கைப்பிடிக்கும் இடுப்புக்கும் ஒருசேர உதவும். எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது.

படி இறங்குவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். திருவட்டாற்றுக்கு அடுத்த மாத்தூரில், 1966-இல் கட்டிமுடிக்கப்பட்ட, கால்வாய் நீரை ஆற்றுக்கு மேலே கொண்டுசெல்லும் 115 அடி உயரத் தொட்டிப்பாலத்தைப் பார்க்க வரும் முதியவர்கள், பாலத்திலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கும் படிகளின் முன்னால் தயங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போது தொடை நடுங்கும். முன்பு சொன்ன 2003 ஆய்விலும், முதியவர்கள் தங்கள் வலிமையின் மிகப் பெரிய பங்கைச் செலவிட்டது படி இறங்குவதற்கே. உடலின் எடையைத் தாங்கியபடியே நீள வேண்டிய வேலை அப்போது தொடைத் தசைக்கு வருகிறது. நாற்காலியில் நான்கு எண்ணி உட்காருவது இதற்கான நேரடிப் பயிற்சி. அதில் தேறியவர்கள், கைப்பிடி உள்ள ஒரே ஒரு படியில் நின்று, ஒரு காலை மெல்லக் கீழே வைத்து மீண்டும் மேலே எடுத்துப் பழகலாம்.

சமநிலைப் பயிற்சிக்கு நம் மாவட்டத்தில் கூடுதல் காரணம் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெறும் நிலம் இது. ஆண்டின் பல மாதங்கள் முற்றத்திலும் கிணற்றடியிலும் பாசி படிந்திருக்கும். பாசியைத் தேய்த்துக் கழுவுவதும், குளியலறையில் கைப்பிடி பொருத்துவதும் முதல் வேலை. அதன்பின், சமையல் மேடையருகே நின்று, ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரல்களுக்கு முன்னால் ஒட்டி வைத்து 30 வினாடி நிற்கப் பழக வேண்டும், பிறகு ஒற்றைக்காலில். பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரைச் சோதித்து 2022-இல் வெளியான ஆய்வில், ஐவரில் ஒருவரால் பத்து வினாடி ஒற்றைக்காலில் நிற்க இயலவில்லை. எனவே முடியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். மேடையை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு தொடங்கலாம்.

வலிமை இருந்தும் மூட்டு மடங்காவிட்டால் பயனில்லை என்பதால் அசைவுப் பயிற்சியும் சேர வேண்டும். முதுமையில் இறுகிப்போகும் மூட்டுகளில் கணுக்காலையே பலரும் மறந்துவிடுகிறோம். அது மடங்காவிட்டால் பாதத்தைப் பின்னே இழுத்து எழ முடியாது, படியும் இறங்க முடியாது. சுவரின் முன் நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொட முயல்வது இதற்குப் போதும். படுக்கையில் மல்லாந்து ஒவ்வொரு முழங்காலாக மார்பை நோக்கி இழுப்பது இடுப்புக்கு. அமர்ந்தபடி மேலுடலை இருபுறமும் மெல்லத் திருப்புவது முதுகுக்கு. எலும்பு மெலிவு (ஆஸ்டியோபோரோசிஸ்) உள்ளவர்கள் முதுகை வளைத்துக் குனிவதையும் விசையோடு திருப்புவதையும் தவிர்க்க வேண்டும்.

எவ்வளவு செய்ய வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2020-இல் தந்த நெறிமுறைப்படி, 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான நடை போன்ற உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும், சமநிலையும் வலிமையும் கலந்த பயிற்சி மூன்று நாளும் வேண்டும். இவை ஒன்றோடொன்று கலந்து வரலாம். தனித்தனியாகக் கூட்டிப் பார்த்து அஞ்ச வேண்டாம். மறுநாள் தசையில் தோன்றும் மந்தமான வலி இயல்பானது. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கும் தொடைத் தசைப் பயிற்சி மருத்துவ முறையிலேயே பரிந்துரைக்கப்படுகிறது; மிதமான வலி ஒரு நாளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் தொடரலாம், கூடிக்கொண்டே போனாலோ மூட்டு வீங்கினாலோ சுமையைக் குறைக்க வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், அண்மையில் அறுவை சிகிச்சை அல்லது எலும்பு முறிவு உள்ளவர்கள் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் செய்யக் கூடாது. மூச்சை அடக்கிக்கொண்டு எழுவது எவருக்கும் நல்லதன்று.

தசை கட்டுவதற்குப் புரதம் வேண்டும். முதியவர்களுக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை என்பது நிபுணர்களின் பரிந்துரை. 60 கிலோ எடை என்றால் 60 முதல் 72 கிராம். ஆனால் நம் முதியவர்கள் பல் போனதாலும் பசி குறைந்ததாலும் காலையில் பால் சேர்க்காத கட்டன்காப்பியும் ரஸ்க்கும், இரவில் கொஞ்சம் கஞ்சியும் என்று சுருங்கிவிடுகிறார்கள். மரச்சீனிக்கிழங்கில் (மரவள்ளியில்) புரதம் மிகச் சொற்பம். அதனோடு வரும் மீன்கறியில்தான் புரதம் இருக்கிறது. 100 கிராம் மீன் ஏறத்தாழ 20 கிராம் புரதம் தரும். சாளை மீனின் முள்ளை நீக்கிக் கொடுப்பதும், கஞ்சியோடு வெந்த பயறைத் தாராளமாக வைப்பதும், ஒரு முட்டையும் ஒரு குவளைப் பாலும் சேர்ப்பதும் எந்த விலையுயர்ந்த புரத மாவுக்கும் குறைந்தவை அல்ல. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

பார்த்துத் திருத்த ஆள் வேண்டும் என்பவர்கள், தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை மருத்துவம் தரும் ஏற்பாடு இருப்பதைக் குறித்துக்கொள்ளலாம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்க வேண்டும்.

கடைசியாகப் பழக வேண்டியது தரையிலிருந்து எழுவது. இதை மற்றவை தேறிய பிறகு, பக்கத்தில் ஒருவர் நிற்கத்தான் தொடங்க வேண்டும். படுத்த நிலையிலிருந்து ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, நான்கு காலில் தவழும் நிலைக்கு வந்து, உறுதியான ஒரு குரண்டிவரை நகர்ந்து, அதில் இரு கைகளையும் பதித்து, வலுவான காலின் பாதத்தை முன்னே ஊன்றி எழ வேண்டும். விழுந்தபின் எழத் தெரியாமல் மணிக்கணக்கில் தரையில் கிடப்பது விழுந்ததைவிடக் கொடிய கேட்டைத் தரக்கூடும் என்பதால், இந்த வரிசையை உடல் அறிந்திருக்க வேண்டும். அம்மா தை மாதத்தில் இதைத் தொடங்கினார். முதல் நாள் தவழும் நிலையோடு நிறுத்திக்கொண்டோம். இப்போது குரண்டியில் ஒரு கையை மட்டும் ஊன்றி எழுகிறார். மற்றக் கையை நான் பிடிக்கப் போனால் தட்டிவிடுகிறார்.